பின்னாலேயே போன மாப்பிள்ளை

கேமரா சோப்பு டப்பா அளவு, அதில் மாட்டிய லென்ஸ் தண்ணீர்ச் சொம்பு அளவு. இப்படி ஒரு ஜோடியை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

அவள் தினமும் பார்க்கிறாள். கட்டிக்கொண்டவர் அப்படி.

பழைய பெரிய கேமரா கெட்டுப்போனதும், அவள் வீட்டுக்காரர் குட்டியாக ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினார். பழைய லென்ஸைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. நடுவில் அடாப்டர் என்று ஒரு வளையத்தைப் போட்டு இரண்டையும் கோத்துவிட்டார். கோத்ததோடு விட்டாரா? வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் வேறு.

"உள்ள படம் பதியிற சென்சார் சின்னது பாருங்க. லென்ஸ் காட்டுறதுல நடுத்துண்டு மட்டும்தான் படத்துல விழும். அஞ்சடியில நிக்கிற ஆளும் மூக்கும் முழியுமா கிட்ட வந்துடுவார்."

ஒருமுறை கேட்டவர்கள் மறுமுறை அடுத்த தெரு வழியாகப் போனார்கள்.

அன்று அவள் அம்மா வீட்டில் எல்லாரும் கூடியிருந்தார்கள். பெரியண்ணனுக்கு வெளியூர் மாற்றல், மறுநாள் குடும்பத்தோடு கிளம்புகிறார். கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு ஹாலில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ஒரே ஆசைதான். பிள்ளைகள் எல்லாரும் ஒரே படத்தில் இருக்க வேண்டும்.

இதென்ன பெரிய ஆசை என்கிறீர்களா? அந்த ஹால் சுவரில் இரண்டு படங்கள். ஒன்றில் அம்மாவோடு பெரியண்ணன் குடும்பம், இன்னொன்றில் அம்மாவோடு சின்னண்ணன் குடும்பம். அண்ணிகள் இருவரும் பேசி ஒரு வருஷமாகிறது. சின்னண்ணி ஆசை ஆசையாகப் போட்ட ஜன்னல் திரையைப் பார்த்து, "ஹோட்டல் ரூம் மாதிரி இருக்கு" என்றாள் பெரியண்ணி. பாராட்டினேன் என்கிறாள் அவள். குத்திக் காட்டினாள் என்கிறாள் இவள். திரை சாயம் போய்விட்டது, சண்டை மட்டும் புதுசாகவே இருக்கிறது.

பக்கத்து நாற்காலியில் இருந்தாலும், "காலைக் கொஞ்சம் நகர்த்திக்கச் சொல்லுங்க" என்று ஆள் வைத்துத்தான் பேச்சு.

அன்றும் அப்படித்தான். வரிசையின் இந்தக் கோடியில் பெரியண்ணி, அந்தக் கோடியில் சின்னண்ணி.

மாப்பிள்ளை சொம்பு லென்ஸைத் தூக்கிக் குறி பார்த்தார்.

"அத்தையோட மூக்குதான் தெரியுது. கொஞ்சம் பின்னால போறேன்."

முதுகு சுவரில் முட்டியது. அப்போதும் அத்தை முகம்தான். கதவைத் திறந்து வராந்தாவுக்குப் போனார். படியிறங்கினார். கேட்டையும் தாண்டினார்.

"மாப்ளே, ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடுங்க!" என்று சின்னண்ணன் கத்த, வீடே சிரித்தது.

அவளுக்கு முகம் செத்துப்போயிற்று. "ஏங்க, சட்டுனு செல்போன்ல எடுத்துட்டு வாங்களேன்!"

"சும்மா இருடி. மாப்பிள்ளை ஆசையா எடுக்கிறார்" என்றாள் அம்மா.

எதிர்வீட்டு மதிலில் முதுகை ஒட்டிக்கொண்டு மாப்பிள்ளை குரல் கொடுத்தார். "கதவு வழியாத்தான் தெரியுது! கோடியில இருக்கிற ரெண்டு பேரையும் காணவே காணோம். அக்கா, நடுவுல வாங்க. தங்கச்சி, நீயும் வாம்மா. இன்னும்! இன்னும்! அத்தை நாற்காலிக்குப் பின்னால!"

மாப்பிள்ளை சொல்லைத் தட்ட முடியுமா? அண்ணிகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான்.

"எல்லாரும் என்னைப் பாருங்க! இந்த லென்ஸ் இதுல தானா ஃபோகஸ் ஆகாது, கையாலதான் திருகணும். சிரிச்ச வாக்குலயே இருங்க!"

திருகினார். குறுக்கே ஒரு தண்ணீர் லாரி போனது. மறுபடி முதலிலிருந்து திருகினார். சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் தாடை வலித்தது.

பெரியண்ணி உதடு அசையாமல் முணுமுணுத்தாள். "இன்னும் ரெண்டடி போனா, இந்தத் தம்பி எதிர்வீட்டுக்குள்ளயே போய் உக்காந்துடும்."

"உக்காந்து அவங்களுக்கும் சென்சார் பாடம் எடுப்பார் அக்கா. பாவம், வீட்டையே காலி பண்ணிடுவாங்க."

அக்கா! ஒரு வருஷம் கழித்து வாயில் வந்த அக்கா. சொன்ன சின்னண்ணி குலுங்கிச் சிரிக்க, பெரியண்ணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிடித்த கை அங்கேயே இருந்தது. அம்மா மூச்சுவிடாமல் நேராக உட்கார்ந்திருந்தாள்.

படம் விழுந்தது.

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. இவர்கள் ஒன்றுசேர என் புருஷன்தானா கிடைத்தார்? விறுவிறுவென்று தெருவுக்குப் போனாள்.

"எங்கம்மா வீட்டுல என் மானத்தை வாங்கிட்டீங்க. முதல்ல இந்தச் சொம்பை உள்ள வைங்க!"

பையைப் பிடுங்கித் திறந்தாள். அடியில், துணியில் சுற்றிய குட்டி லென்ஸ் ஒன்று.

"இது என்ன?"

"இந்த கேமராவோடயே வந்த லென்ஸ்."

"இதுல எடுத்தா?"

"ஹாலுக்குள்ள நின்னே மொத்தக் குடும்பமும் விழும்." மாப்பிள்ளை சொம்புக்கு மூடி போட்டார். "உங்க அண்ணிங்களும் நின்ன கோடியிலயே நிம்மதியா நிப்பாங்க."

அவள் வீட்டுக்குள் பார்த்தாள். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பெரியண்ணி இந்தப் பக்கம் நகர, சின்னண்ணி அந்தப் பக்கம் நகர்ந்தாள்.

குட்டி லென்ஸைத் துணியில் சுற்றிப் பையின் அடியில் தள்ளி ஜிப்பை இழுத்தாள்.

"ஏங்க... படம் கலங்கிப்போச்சுன்னு சொல்லி இன்னொண்ணு எடுங்களேன்."