வம்ச முகம்

ரிட்டயர் ஆனதிலிருந்து தோக்சுவுக்கு வம்சப் பித்து. சூசொக் அறுவடைப் பண்டிகைக்கு முன் முன்னோர் சமாதியில் புல் வெட்டவேண்டும் என்று சொந்தபந்தம் மொத்தத்தையும் மலைமேல் ஏற்றிவிட்டார். அவரே ஆராய்ந்து கண்டுபிடித்த தளபதித் தாத்தாவின் சமாதியாம்.

"டேய் கில்நம், மீன் விக்கிற கையைக் கழுவிட்டு அரிவாளைத் தொடு!"

சித்தப்பா மகன் கில்நம் பல்லைக் கடித்துக்கொண்டு மண்மேட்டின் புல்லை வெட்டினான்.

"என்னோட இந்த நீள முகம் தளபதி ரத்தத்துல வந்தது. உன் மூஞ்சியில அந்தக் களை இருக்கா?"

அரிசி மதுவைப் படைத்து, எல்லோரும் நெற்றி தரையில் பட வணங்கினார்கள். தோக்சு கண்ணீரே விட்டார். எழுந்தபோது அரிவாளோடு வேறொரு குடும்பம் ஏறி வந்தது.

"அடடா, எங்க வேலையை நீங்க பாத்துட்டீங்களே!" என்றார் அதில் ஒருவர்.

"உங்க வேலையா? இது எங்க தளபதி சமாதி!"

"தளபதி எங்க தாத்தாங்க. அவரு மேல, அந்தப் பைன் மரத்தடியில இருக்காரு. இது அவரோட குதிரை. போர்ல அவரைக் காப்பாத்திட்டுச் செத்துப்போச்சுன்னு இங்க புதைச்சாங்க."

கில்நம் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, தோக்சுவின் முகத்தை நிதானமாகப் பார்த்தான்.

"நீங்க சொன்னது சரிதாண்ணே. அப்படியே உரிச்சு வச்சிருக்கு."