கூரையில் முட்டும் படிகள்

அந்த நூலகத்தின் மாடி மழைக்கு ஒழுகிப் புத்தகமெல்லாம் நாசமானதால், அவள் நூலகராகச் சேரும் முன்பே அதை இடித்துவிட்டார்கள். படிக்கட்டைத் தொட்டால் சுவரும் கூடவே வந்துவிடும் என்று பொறியாளர் கையை விரித்தார். அதனால் அது மட்டும் வாசிப்பறையிலிருந்து ஏறிப் போய்க் கூரையில் முட்டி நிற்கிறது. சும்மா கிடப்பானேன் என்று அவள் படிகளில் பழைய பத்திரிகைகளை அடுக்கி வைத்திருந்தாள்.

அன்று மாலை பூட்டப் போகையில் அடிப்படியில் ஒரு குடை சாய்ந்திருந்தது. பிடியில் பச்சை நூல் சுற்றிய, அவள் கணவனுடைய குடை. இன்னும் நீர் சொட்டியது. பத்திரிகைக் கட்டுகள் ஓரமாக ஒதுங்கி, நடுவே ஆள் ஏற வழி இருந்தது.

"என்னங்க, எங்க இருக்கீங்க? பூட்டணும்."

"இதோ, கொஞ்சம்தான் பாக்கி. முடிச்சிட்டு வந்துடறேன்," என்றது மேலிருந்து அவன் குரல்.

அவள் மேலே பார்த்தாள். கூரையில் ஒரு விரிசல்கூட இல்லை. வாசலுக்கு ஓடி, வெளியே நின்று அண்ணாந்து பார்த்தாள். மாடி இருந்த இடத்தில் மழைதான் பெய்துகொண்டிருந்தது.

அந்த மழைக்குள் ஒரு ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.

"ஏன் நனையற? மேல வா. இங்க ஒரு சொட்டுகூட ஒழுகல."