பொடக்காலிப் பூசணி

“நிறுத்து, கலியம்மா. சங்கு ஊதிட்டான்.”

மருதாசலம் பாய்ந்து டேப் ரிக்கார்டரை அமுக்கினார். சுரங்கத்தில் ஷிப்டு முடிகிற சங்கு, சரியாகக் கதையின் நல்ல இடத்தில் வந்து விழுந்திருந்தது. கதையைக் கேட்க வரும் பேராசிரியர் சங்கரலிங்கம் இந்நேரம் சிதம்பரத்தில் பஸ் ஏறியிருப்பார். இன்னும் கதை முழுசாகப் பதிவாகவில்லை.

வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்தார். சுரங்க ஆபீசில் அவரைக் ‘கதை கலெக்டர்’ என்று கேலி செய்யாத ஆள் பாக்கியில்லை. எழுதி வைக்காமல் வாயால் சொல்லி வருவதும் இலக்கியம்தான் என்று டவுன்ஷிப் மன்றத்தில் அவர் முழங்கும்போதெல்லாம், “எங்க வூட்டுல பாத்திரம் தேய்க்கிறவங்களையும் மேடையில ஏத்துங்க சார்” என்று பின்வரிசையில் சிரிப்பார்கள். பேராசிரியர் போடும் வாய்மொழிக் கதைத் தொகுப்பில் இந்தக் கதை ஏறிவிட்டால் அத்தனை வாயும் அடைபடும்.

கதை அவர் கையில் சிக்கியதே தற்செயல். அவர் வீட்டில் வேலை செய்யும் கலியம்மாள், பிளாக் குழாயடியில் பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமியார் வீட்டில் வாய் திறக்கக் கூடாத மருமகள் ஒருத்தி, மனசில் இருப்பதையெல்லாம் ஒரு பூசணிப் பிஞ்சிடம் சொல்கிறாள். காய் பெருத்துக்கொண்டே போகிறது. விருந்தாளிகள் வந்த அன்று அரிவாள்மணையில் வைத்து அறுத்தால், உள்ளேயிருந்து அவள் பேச்சு முழுவதும் கொட்டுகிறது.

எங்கே கேட்டாய் என்று அன்றே விசாரித்தார். “வூட்லதாங்க” என்றாள். அவள் ஊரான வளையமாதேவியில் ஒரு குடும்பத்தில் வழிவழியாக வரும் கதை என்று பேராசிரியருக்குக் கடிதம் போட்டுவிட்டார்.

“மறுபடி ஆரம்பிக்கட்டுங்களா? அம்மா, நீங்களும் வந்து குந்துங்க. ‘ம்’ கொட்ட ஆள் இல்லைன்னா எனக்குக் கதை வராது.”

மருதாசலத்தின் மனைவி ருக்குமணி, அரிசி முறத்தோடு வந்து சமையலறை வாசற்படியில் உட்கார்ந்தாள். கலியம்மாள் சொல்லச் சொல்ல ‘ம்’ கொட்டினாள். ஓரிடத்தில் கலியம்மாள் தடுமாற, மெல்ல ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தாள்.

“நீ ‘ம்’ மட்டும் சொல்லு, ருக்கு. குறுக்கே பேசிக் கதையைக் கெடுக்காதே” என்றார் மருதாசலம். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கதை முடிந்து டேப்பை நிறுத்தவும் வாசலில் ரிக்‌ஷா வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

பேராசிரியர் காப்பியைக்கூடத் தொடாமல் கண்ணை மூடிக் கேட்டார். இரண்டு முறை பிரமாதம் என்றார். மருதாசலம் அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்தார். திடீரென்று பேராசிரியர் கையை உயர்த்தி, டேப்பைப் பின்னால் ஓட்டச் சொன்னார்.

“பூசணிக்கொடி எங்கே படர்ந்ததுன்னு சொல்றாங்க?”

“பொடக்காலியில. வீட்டுக்குப் பின்னாலீங்க.”

“அர்த்தம் தெரியும். ஆனா இந்தப் பக்கத்துல தோட்டத்துப் பக்கம்னுதான் சொல்லுவாங்க. நீங்க எந்த ஊர்?”

“பொள்ளாச்சிங்க.”

சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. பிறந்ததிலிருந்து காதில் விழுந்த வார்த்தை. கலியம்மாள் வாயில் வந்தபோது அது உறுத்தவே இல்லை.

பேராசிரியர் எழுந்து பையைத் தோளில் மாட்டினார். “கதை நல்லாத்தான் இருக்கு, மருதாசலம். நீங்களே கட்டி இந்தம்மாவை மனப்பாடம் பண்ண வச்சிருக்கீங்க. இதை நான் வாய்மொழிக் கதைன்னு புத்தகத்துல போடணுமா?”

மருதாசலம் பதறி எழுந்தார். நாளை ஆபீசில் எப்படித் தலை காட்டுவது? கலியம்மாளிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டார். உன் வீட்டில் சொன்னது அம்மாவா, அத்தையா, யாராக இருந்தாலும் சரி, ஒரு பேரைச் சொல்லிவிடு என்றார்.

கலியம்மாள் வாசற்படியைப் பார்த்தாள். ருக்குமணி முறத்தில் கல்லைத் தேடிக்கொண்டிருந்தாள். அதில் கல்லே இல்லை.

“எங்க வூடுன்னு நான் எப்ப சொன்னேன் சார்? இந்த வூட்லதான் கேட்டேன். இந்த அம்மா காலையில உங்ககிட்டதான் ஆரம்பிக்கும், நீங்க ‘ம்’ கொட்டாம பேப்பரை விரிச்சிக்கினு திரும்பிக்குவீங்க. மிச்சத்தை நான் பாத்திரம் தேய்க்கிறப்ப எங்கிட்ட சொல்லும்.”