இரண்டு தட்டுக் கோழி உருண்டை

“சமைச்சுக் காட்டணும். நாங்க எல்லாரும் சாப்பிட்டுப் பார்ப்போம். பிடிச்சாதான் வேலை. போன்லயே சொல்லிட்டேன்” என்றாள் வீட்டுக்காரி, கதவைப் பாதி திறந்தபடி.

“நல்லாவே சொன்னீங்க மேடம். நான் சொன்ன சாமான் எல்லாம் வாங்கிட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டே மீதிக் கதவைத் தானே திறந்து உள்ளே வந்தாள் சமையல்காரி.

பதினோரு வருஷம் ஒரு மாணவர் விடுதியில் முந்நூறு பேருக்குச் சமைத்துப் போட்டவள். விடுதியை மூடி ஐந்து மாதம் ஆகிறது. ஐந்து மாதமாகத் தன் வீட்டில் நான்கு பேருக்குச் சமைத்துவிட்டு, மிச்ச நேரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எப்படியாவது மறுபடி ஒரு சமையலறைக்குள் வேலைக்குப் போய்விட வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

“வாங்கி வெச்சிருக்கேன். ஆனா, எதுக்கு இவ்வளவு வெண்ணெய், இவ்வளவு க்ரீம்? சாதாரணமா ஏதாவது பண்ணக் கூடாதா?”

“சாதாரணமானதை நீங்களே பண்ணிக்கலாமே மேடம். அதுக்கு நான் எதுக்கு?”

சமையல்காரி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஆறு ஐந்து.

“அம்பது நிமிஷம். ஏழடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கிறப்போ தட்டு மேஜைக்கு வந்துடும்.”

கொத்திய கோழிக்கறியை இரண்டு கிண்ணங்களில் சரிபாதியாகப் பிரித்தாள். ஒன்றில் பாலில் ஊறிய ரொட்டியைப் பிழிந்து போட்டாள். இன்னொன்றில் முட்டையும் ரொட்டித் தூளும். பொடியாக நறுக்கிய வெங்காயம், பூண்டு, உப்பு, மிளகுத்தூள் இரண்டுக்கும் ஒரே அளவு.

பள்ளிக்கூடப் பையை இறக்காமல் வந்து எட்டிப் பார்த்தாள் சின்ன மகள். “ஆன்ட்டி, எதுக்கு ரெண்டு?”

“எது நல்லா இருக்குன்னு நீதான் சொல்லணும், கண்ணு.”

கையை நனைத்து அவள் உருட்ட ஆரம்பித்ததும் வீட்டுக்காரியே பேச்சை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தாள். ஒரு உருண்டை பெரிசு, ஒரு உருண்டை சிறிசு என்ற பேச்சே இல்லை. வெண்ணெயில் போட்டுப் புரட்டிப் புரட்டிப் பொன்னிறமாக எடுத்தாள். அதே வாணலியில் பூண்டையும் ஒரு கரண்டி மைதாவையும் வதக்கி, எலும்பு வேகவைத்த தண்ணீரை ஊற்றினாள். தீயைக் குறைத்த பிறகுதான் க்ரீம்.

“கொதிக்க விட மாட்டியா?”

“கொதிச்சாத் திரிஞ்சுடும் மேடம். இதைப் பக்கத்துலயே நின்னு பார்த்துக்கணும்.”

ஏழடிக்க ஆறு நிமிஷம் இருக்கும்போது இரண்டு தட்டுகளும் மேஜைக்கு வந்துவிட்டன. வீட்டுக்காரர், இரண்டு மகள்கள், வீட்டுக்காரி என்று நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். சமையல்காரி கையைக் கட்டிக்கொண்டு எதிரிலேயே நின்றாள்.

“குறை இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

“இந்த முட்டை போட்டது கொஞ்சம் ரப்பர் மாதிரி இழுக்குது. ரொட்டி போட்டது வாயில வெச்சதும் கரையுதும்மா” என்றார் வீட்டுக்காரர்.

“மிளகு நாக்கைச் சுடுது” என்றாள் சின்னவள்.

“எனக்கு சாஸ் இன்னும் கொஞ்சம் தண்ணியா இருக்கணும்” என்றாள் பெரியவள்.

சமையல்காரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். குறை சொன்னவர்கள் சொல்லிக்கொண்டேதான் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்கள். வீட்டுக்காரர் கடைசியில் ஒரு துண்டு ரொட்டியால் தட்டைத் துடைத்தே எடுத்துவிட்டார். ஐந்து மாதம் கழித்து வெளியாட்கள் அவள் சமையலை ருசித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

“நல்லாத்தான் இருக்கு” என்று கை கழுவிக்கொண்டே இழுத்தாள் வீட்டுக்காரி. “ஆனா இன்னும் ரெண்டு பேரை வரச் சொல்லியிருக்கேன். யோசிச்சுட்டு நானே போன் பண்றேன்.”

“சரிங்க மேடம்.” கெஞ்சவில்லை, எத்தனை நாளாகும் என்று கேட்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் அவளைப் பாவமாகப் பார்த்தார்.

“சமையல் வேலைக்குத்தானே வந்தே தங்கச்சி? சொல்லவே சங்கடமா இருக்கு. இவங்க யாரையும் வேலைக்கு வைக்கவே மாட்டாங்க. வாரத்துக்கு ரெண்டு பேரை இப்படி வரவழைச்சு, சமைக்க வெச்சு, குடும்பமா உட்கார்ந்து சாப்பிட்டுட்டு, போன் பண்றேன்னு அனுப்பிடுவாங்க. ஆறு மாசமா இதே கதைதான். போன வாரம் மீன் வறுத்துக் குடுத்துட்டுப் போன ஒரு அம்மா, இந்த இடத்துல நின்னு அழுதுச்சு.”

“தெரியும் அண்ணே. அவ என் நாத்தனார். அவகிட்டதான் இந்த வீட்டு நம்பரை வாங்கினேன்.”

வாட்ச்மேன் வாயைப் பிளந்தார். “தெரிஞ்சேவா வந்து இவ்வளவு நேரம் அடுப்புல வெந்தே?”

சமையல்காரி சிரித்தாள்.

“நாளைக்குக் காலையில பெரிய ஹோட்டல்ல எனக்குச் சமையல் டெஸ்ட் அண்ணே. இதே கோழி உருண்டைதான் பண்ணணும். கோழி, வெண்ணெய், க்ரீம், குறை சொல்ல நாலு நாக்கு, இத்தனையும் இனாமாக் குடுத்து ஒத்திகை பார்க்க விடுற வீடு வேற எங்க கிடைக்கும், சொல்லுங்க?”