பிடித்த கை

"இஞ்சாருங்கோ, இடக்கண் திடீரெண்டு இருண்டு போச்சு. கொஞ்ச நேரத்தால திரும்பத் தெரியுது," என்றாள் மேரிறோஸ்.

பத்திநாதர் கிழிசல் பொத்திக்கொண்டிருந்த வலையை எறிந்துவிட்டு எழுந்தார்.

"வெளிக்கிடு, டொக்டரிட்டப் போவம்."

"இப்பதான் தெரியுதே!"

"தெரிஞ்சாலும் உடன காட்டவேணும். விசரி, கண்ணோட விளையாடுறியே?"

பஸ் ஓடாத நாள். ஆசுப்பத்திரி வரைக்கும் அவளைக் கைப்பிடித்தே கூட்டிப்போனார்.

"ஆருக்கு வருத்தம்?" என்று கேட்டார் டொக்டர்.

"இவருக்குத்தான் ஐயா. என்ர கண்ணுக்கு ஒண்டுமில்லை. முந்தநாள் கடலில இவருக்குக் கண் இருண்டு, கோயில் கோபுரம் தெரியாமல், வள்ளத்தை வழிதப்பிக் கரம்பொன் கரையில கொண்டுபோய் விட்டவர். ஊருக்கு நீரோட்டம் எண்டு சமாளிச்சு, எனக்கு மட்டும் உண்மையைச் சொன்னவர். தனக்கெண்டா வரமாட்டார். எனக்கெண்டா ஓடிவருவார்."

பத்திநாதர் வாசலைப் பார்த்தார். கை இப்போது அவளுடைய பிடியில் இருந்தது.