கோட்டின் மேல் ஒரு வீடு

மலையடிவாரப் புதர்க்காட்டில் பிடித்த தீ ஊரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. எங்கே எதிர்த்தீ வைத்தால் ஊர் தப்பும் என்று மேலே பறந்த ட்ரோன்கள் கணக்கிட்டு, தீயணைப்பு நிலைய அதிகாரி பேச்சியம்மாளின் கைத்திரையில் சிவப்புக் கோடாக வரைந்து காட்டின. அந்தக் கோட்டில் இருப்பதெல்லாம் முன்கூட்டியே எரிந்து தீர்ந்தால், இறங்கி வரும் தீக்கு இரை கிடைக்காது. நானூறு வீடுகள் பிழைக்கும். கோட்டின் மேல் ஒரே ஒரு வீடு இருந்தது. அது அவளுடையது.

வீட்டை எரிக்க ஒரு மனிதரின் கைரேகை வேண்டும் என்பது சட்டம்.

"இது உங்கள் வீடு. முடிவை வேறோர் அதிகாரியிடம் ஒப்படைக்கலாம். ஆறு நிமிடம் ஆகும்" என்றது திரை.

எதிர்த்தீ வைக்க நான்கு நிமிட அவகாசமே இருந்தது.

அவள் கணவன் தவசிக்குப் போன் செய்தாள். "ஏங்க, வீட்ல யாராச்சும் இருக்கீகளா?"

"இல்ல, எல்லாரும் பள்ளிக்கூடத்து முகாமுக்கு வந்துட்டோம். மாட்டையும் ஓட்டியாந்துட்டேன். ஏன்?"

"நம்ம வீட்டத்தான் கொளுத்தணும்."

"கொளுத்து புள்ள. ஊரு பொழைக்கட்டும்" என்றான் தவசி.

அவள் விரலை வைத்தாள். ட்ரோன்கள் கோடு நெடுகத் தீ வைத்தன. ஓடுகள் வெடித்துச் சிதறுவதை நின்று பார்த்தாள். மலைத்தீ அந்தக் கரிந்த நிலம்வரை வந்து, மேற்கொண்டு நகர முடியாமல் அணைந்தது.

சாயங்காலம் முகாமுக்குக் கணக்கெடுக்க வந்த ஊழியர், அவள் மகள் நிறைமதியிடம், "உங்க வீடு எப்படிம்மா தீப்பிடிச்சுச்சு?" என்று பரிவோடு கேட்டார்.

"தானாப் பிடிக்கல சார்" என்று நிமிர்ந்து சொன்னாள் நிறைமதி. "எங்கம்மா கொளுத்துச்சு."