ஃபெர்மினின் கேமரா

கட்டிங் பிளேயரால் கேபிளை நறுக்கிவிட்டு அன்செல்மோ கூரையிலிருந்து இறங்கியபோது, லிதியா முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையெல்லாம் சோளமாவு.

"என் வீட்டுக் கூரையில உங்களுக்கு என்னண்ணே வேலை?"

"காத்துல கம்பி ஆடிட்டிருந்தது. இழுத்துக் கட்டலாம்னு..."

இலைகூட அசையாத வெயில். நாலு மணி ஆக இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது.

நாலு மணிக்கு அந்த நிகழ்ச்சி. யுகத்தான் காட்டின் பாறைக்கேணிகளில் இறங்கி, தண்ணீர் நிறைந்த குகைகளுக்குள் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப்போய்ப் பிழைக்கிற ஊர் அது. டிவியில் குகை நீச்சல் என்றால் தெருவே உட்கார்ந்துவிடும். "அந்த வெள்ளைக்காரன் காலை உதறுற அழகைப் பாரு, சேத்தைக் கிளப்பிட்டு அவனே கண்ணு தெரியாம தடவப்போறான்" என்று குற்றம் கண்டுபிடிக்கும்.

இன்றைய நிகழ்ச்சி வேறு. ஏழு வருடத்துக்கு முன் குகைக்குள் இறந்துபோன லிதியாவின் கணவன் ஃபெர்மினின் தலைக்கவசக் கேமரா இப்போதுதான் சேற்றில் கிடைத்திருந்தது. அதில் பதிவானதைக் காட்டப்போகிறார்கள்.

அன்று ஃபெர்மினோடு இறங்கியவன் அன்செல்மோ. உள்ளே நடந்ததை ஊருக்குச் சொன்னவனும் அவன்தான். தான் பயந்து உதறியதில் சேறு கிளம்பிவிட்டது, வழிக்கயிறு கை நழுவிவிட்டது, தன்னைத் தேடித் திரும்பி வந்த ஃபெர்மின் மாட்டிக்கொண்டான். யாரும் கேட்பதற்கு முன்பே, ஈரம் சொட்டச் சொட்டக் கரையில் நின்று சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகு அவனோடு ஒருவரும் தண்ணீரில் இறங்கவில்லை. இப்போது பஞ்சர் ஒட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவன் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஃபெர்மின் படத்துக்கு வருடா வருடம் பூ வைக்கிறார்கள்.

"அம்மா, டிவியில படமே வரல!" என்று கத்திக்கொண்டு வெளியே வந்தாள் நெய்தி, ஃபெர்மினின் பதிமூன்று வயது மகள். அன்செல்மோவையும் அவன் கையிலிருந்ததையும் பார்த்தாள். "ஓ, இவரு பாத்த வேலையா?"

"பாப்பா..."

"பாப்பான்னு கூப்பிடாதீங்க. நான் பக்கத்து வீட்டுல பாத்துக்கிறேன்."

அவன் ஓடிப்போய் வாசலுக்குக் குறுக்கே கையை வைத்தான். "இன்னிக்கு ஒருநாள் வேணாம்மா. உன் ஞானத்தகப்பன் கேக்கறேன்."

"எங்கப்பா உங்களைக் காப்பாத்தினதை நான் பாக்கக்கூடாதா? நீங்க நடுங்கினது தெரிஞ்சிடும்னு பயம், அதானே?"

"அப்படியே வெச்சுக்கோ" என்றான். வியர்வை கண்ணில் இறங்கியும் அவன் துடைக்கவில்லை.

"வழிய விடுங்கண்ணே." லிதியா அவன் கையைப் பிடித்துத் தானே இறக்கினாள். பிறகு மகளிடம் திரும்பினாள். "நீ போ. பாதியில எழுந்து வந்துடாத. கடைசி வரைக்கும் பாரு."

நெய்தி ஓடினாள். பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் ஒரே இசை எழுந்தது. ஒரே குரல், ஒரே நீர்க்குமிழிச் சத்தம். அன்செல்மோ சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தான்.

"நான் ஏற்கெனவே பாத்துட்டேன்" என்றாள் லிதியா. "போன மாசம் டிவிக்காரங்க வந்து போட்டுக் காட்டினாங்க. ஊருக்குக் காட்டலாமான்னு கேட்டாங்க. நான்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்."

"நீயா?" அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஏழு வருஷம் ஓடிப்போச்சு. இருந்தது இருந்தபடியே இருந்துட்டுப் போயிருக்கலாமே, லிதியா."

"எப்படிண்ணே விட முடியும்? அடுத்த வருஷம் அவளும் தண்ணியில இறங்கப்போறா."

கதவைச் சாத்தாமலே அவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"பயந்து ஓடினது எங்க வீட்டுக்காரரு. அவரைத் தேடி மூணு தடவை திரும்பி வந்தது நீங்க."